வாசகர் கேள்வி – பதில்: படச்சட்டத்துக்குள் இருந்து பேசிய கனடாப் பேய்

கனடாவிலிருந்து வந்து அலுமாரிகளில் கிடக்கும் பழைய வீடியோ கசெற்றுகள் பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி கசெற்றைப் பற்றியவை, மீதி அங்கே ஓடி மறந்துபோன நாடகங்களைப் பற்றியவை. இரண்டையும் சேர்த்தே இந்த முறை எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: அறுபதுகளின் கடைசியில் ஒட்டாவாவில் படித்த என் பெரியப்பா அடிக்கடி ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்லுவார். செத்த மனைவியைக் குளிரூட்டி வைத்திருக்கும் பெரும் பணக்காரன், அவனோடு சுவரில் தொங்கும் ஓவியம் கதைக்குமாம். பெயரை மறந்துவிட்டார். அப்படி ஒன்று இருந்ததா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: இருந்தது. பெரியப்பாவின் ஞாபகம் சரியானதுதான். ‘ஸ்ரேஞ் பரடைஸ்’ என்பது அதன் பெயர். கனடாவின் சி.பி.சி. தொலைக்காட்சியில் 1969 ஒக்டோபர் 20இல் தொடங்கி, 1970 நடுப்பகுதியோடு முடிந்தது. வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம், வண்ணத்தில். அமெரிக்காவின் சில நிலையங்கள் செப்டெம்பரிலேயே போடத் தொடங்கிவிட்டன.

கதை நடப்பது கரிபியன் கடலில் ‘மல்ஜார்டின்’ என்ற கற்பனைத் தீவில். படப்பிடிப்பு நடந்ததோ ஒட்டாவாவின் சி.ஜே.ஓ.எச். நிலையக் கலையகத்தில். வெளியே குளிர் நகரம், உள்ளே வெப்பமண்டலத் தீவு. வெளிக்காட்சி குறைவு, மாளிகை மண்டபமும் நிலவறையும்தான் அதிகம் என்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

ஜோன் போல் டெஸ்மண்ட் என்ற செல்வந்தன் மனைவி எரிக்காவை இழக்கிறான். உடலை உறைநிலையில் வைத்தால் பின்னொரு நாளில் உயிர்ப்பிக்கலாம் என்று நம்புகிறான். இது எழுத்தாளர் வெறுங்கையில் பிடித்த கற்பனை அல்ல. உலகில் முதன்முதலாக ஒரு மனித உடலை இந்த நோக்கத்தோடு உறைய வைத்தது 1967 ஜனவரியில், அமெரிக்காவில். பார்வையாளர் மனதில் அந்தச் செய்தி ஆறாத நேரத்தில் வந்த கதை இது. அங்கிருந்து மாந்திரீகத்துக்குத் தாவுகிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முன் இறந்த மூதாதை ஜாக் எலுவா டெ மொண்டின் ஓவியம் மண்டபத்தில் தொங்குகிறது. அவனது ஆவியை ஒரு பாவையும் அதன் தலையில் ஏற்றிய வெள்ளி ஊசியும் கட்டி வைத்திருக்கின்றன. மனைவி திரும்பக் கிடைப்பாள் என்ற ஆசையில் டெஸ்மண்ட் ஊசியைப் பிடுங்குகிறான். ஆவி அவனுக்குள்ளேயே புகுந்துகொள்கிறது. பிறகு யார் எப்போது கதைக்கிறார் என்பதுதான் நாடகம்.

இரண்டு வேடத்தையும் ஏற்றவர் கொலின் ஃபொக்ஸ். எரிக்காவாக ரூடி விகின்ஸ். கதையை உருவாக்கியவர் இயன் மார்ட்டின். அக்கால ஒளிநாடாவை வெட்டி ஒட்டுவது நேரத்தையும் பணத்தையும் விழுங்கும் வேலை. ஆகையால் இவ்வகை நாடகங்களை மேடை நாடகம் போல ஒரே ஓட்டமாக நடித்துப் பதிவு செய்வார்கள். வசனம் தடுக்கினாலும் ஒலிவாங்கியின் நிழல் சுவரில் விழுந்தாலும் அப்படியே விட்டுவிடுவார்கள். ஒரே நடிகர் தன்னோடு தானே வாதாட வேண்டிய நாடகத்துக்கு இது பெரிய கட்டுப்பாடு. ஓவியத்தை ஒரு தனிப் பாத்திரமாக்கி, அதன் குரலைப் படத்தின்மேல் ஓட விட்டால் வெட்டு வேலை மிச்சம். இந்த வகையில் ஓவியம் கதைக்கு மட்டும் அல்ல, செலவுக்கும் உதவிய உத்தி.

மொத்தம் 195 அத்தியாயங்கள். இந்த எண்ணை ஐந்தால் வகுத்தால் 39 வாரம், அதை மூன்றாகப் பிரித்தால் பதின்மூன்று பதின்மூன்று வாரம். அந்தக் காலத் தொலைக்காட்சி வியாபாரத்தின் அளவுகோல் 13 வாரம். தீவுக் கதையும் சரியாக முதல் 65 அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. அதன்பின் கதை ‘டெஸ்மண்ட் ஹோல்’ என்ற குடும்ப மாளிகைக்கு இடம் மாறுகிறது, பாத்திரங்களில் பலர் காணாமல் போகிறார்கள். அமெரிக்காவின் ஏ.பி.சி.யில் 1966 முதல் 1971 வரை ஓடிய ‘டார்க் ஷடோஸ்’ என்ற இரத்தக்காட்டேரி நாடகத்தின் தயாரிப்பாளராக இருந்த றொபேர்ட் கொஸ்ரெல்லோ இதற்குள்ளும் வந்தார். நாடகமும் அதன் சாயலுக்கு இழுபட்டது. பார்க்க வேண்டியது முதல் 65தான் என்பது எங்கள் கருத்து. மீதியைப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

கொலின் ஃபொக்ஸை உங்கள் வயதுக்காரர் வேறு இடத்தில் பார்த்திருக்கக்கூடும். தொண்ணூறுகளில் வந்த ‘சை ஃபக்ரர்’ தொடரில் அன்ரன் ஹென்ட்ரிக்ஸ் அவர்தான்.

கேள்வி: நம்மவர் பார்க்கும் இந்திய மெகா தொடர்கள் ஆயிரம் அத்தியாயம் தாண்டுகின்றன. பணக்கார நாடான கனடாவில் மட்டும் ஏன் ஒரு தினத் தொடர் நிலைப்பதில்லை?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: பணக்கார நாடு என்பதைவிட, பக்கத்து வீட்டுக்காரன் யார் என்பதுதான் கேள்வி. ரொறன்ரோவில் கூரைமேல் அன்ரெனா வைத்தாலே அமெரிக்காவின் பஃபலோ நகர நிலையங்கள் 2, 4, 7ஆம் அலைவரிசைகளில் விழும். அமெரிக்கத் தினத் தொடர்கள் எல்லாம் இலவசமாக வீட்டுக்குள். 1969இல் கனடாவின் சனத்தொகை சுமார் இரண்டு கோடி பத்து இலட்சம். அதற்குள் பிரெஞ்சு பேசுவோரைக் கழித்துவிட்டால் ஆங்கில நாடகத்துக்கு மிஞ்சும் சந்தை இன்னும் சிறியது. ஒரு கனடா நிலையம் ஐந்து நாளும் கலையகம், நடிகர், எழுத்தாளர் என்று செலவழித்து ஒரு தொடரைச் செய்வதைவிட, அமெரிக்காவில் ஏற்கெனவே செலவை மீட்டுவிட்ட தொடரின் உரிமையை வாங்கினால் பல மடங்கு மலிவு. அதனால்தான் கனடாக்காரர் அமெரிக்க நிலையங்களுக்கும் விற்கும் நோக்கத்தோடு தொடங்குவார்கள். அங்கே விற்பனை சரிந்தால் இங்கேயும் தொடர் நின்றுவிடும். ‘ஸ்ரேஞ் பரடைஸ்’ அப்படி. 1978இல் வந்து அடங்கிய ‘ஹை ஹோப்ஸ்’ அப்படி.

எதிர்ச்சான்று அதே நாட்டிலேயே இருக்கிறது. கியூபெக்கின் பிரெஞ்சுத் தொடர்களைப் பாருங்கள். ‘லா ஃபமில் ப்ளூஃப்’ 1953இல் தொடங்கி 1959 வரை. ‘விர்ஜினி’ என்ற பள்ளிக்கூட நாடகம் 1996 முதல் 2010 வரை. அங்கே அமெரிக்கத் தொடர் வேலிக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், மொழி தெரியாதே. இந்தியத் தமிழ்த் தொடரும் ஆங்கிலத் தொடரோடு போட்டி போட வேண்டியதில்லை.

ஆங்கிலத்தில் கொஞ்சம் தாக்குப்பிடித்தது சி.பி.சி.யின் ‘றிவர்டேல்’, 1997–2000. அது முடிந்தபின் அதற்காகக் கட்டிய வெளிப்புறத் தெரு வீணாகவில்லை. அதே தயாரிப்பு நிறுவனம் 2001இல் தொடங்கிய புதிய ‘டெக்ராசி’ தொடருக்கு அதைப் பாவித்தது.

கேள்வி: ரொறன்ரோவில் ரெயிலுக்குள் மட்டுமே நடக்கும் ஒரு நாடகம் வந்ததாமே?
– வாசகர், உரும்பிராய்

பதில்: ‘ரெயின் 48’. குளோபல் தொலைக்காட்சி, 2003 முதல் 2005 வரை. வேலை முடிந்து வீடு திரும்பும் ஒரு பெட்டிப் பயணிகள், அவர்கள் கதைப்பது மட்டுமே. பெட்டி கலையகத்துக்குள் அமைத்த செற். வசனம் முழுதாக எழுதப்படுவதில்லை. கதைச் சுருக்கத்தைக் கையில் கொடுத்து நடிகரைத் தாமாகவே பேச விட்டார்கள். அதனால் அன்றைய செய்தி அன்றைய அத்தியாயத்துக்குள் வந்தது. மூலம் அவுஸ்திரேலியாவின் ‘கோயிங் ஹோம்’. ஆங்கிலக் கனடாவின் தினத் தொடர்களில் செலவுக் கணக்கைச் சரியாகப் போட்டுத் தொடங்கியது இதுதான் என்பேன்.

கேள்வி: மாமி ரொறன்ரோவிலிருந்து அனுப்பிய கசெற்றுகள் ஒரு பெட்டி நிறைய உண்டு. சாமத்தியவீடு, கலியாணம், நடுவில் ஏதோ ஆங்கில நாடகங்களும் பதிந்திருக்கிறாவாம். எங்கள் டெக்கில் போட்டால் படம் உருளுகிறது, நிறமும் இல்லை, சத்தம் இழுபடுகிறது. கசெற் பழுதா?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: பெரும்பாலும் கசெற் பழுதில்லை, டெக்குக்கு அந்த முறை தெரியாது. கனடாவில் பாவித்தது என்.ரி.எஸ்.சி. என்ற தொலைக்காட்சி முறை: ஒரு படத்துக்கு 525 கோடு, வினாடிக்கு 29.97 படம். இலங்கையில் ‘பால்’: 625 கோடு, 25 படம். நாடா ஓடும் வேகமும் வேறு. சாதாரண வேகத்தில் அங்கே வினாடிக்கு 33.35 மில்லிமீற்றர், இங்கே 23.39. படம் உருளுவதும் சத்தம் இழுபடுவதும் இதனால்தான்.

முதலில் கசெற்றின் விளிம்பைப் பாருங்கள். ‘ரி-120’, ‘ரி-160’ என்று இருந்தால் வட அமெரிக்க நாடா. ‘ஈ-180’, ‘ஈ-240’ என்றால் நம் பக்கத்து நாடா. ரி-120இல் சாதாரண வேகத்தில் 2 மணித்தியாலம். மிக மெதுவான வேகத்தில் 6 மணித்தியாலம். நாடகத்தைப் பதிந்தவர்கள் பெரும்பாலும் நாடாவை மிச்சம் பிடிக்க அந்த 6 மணித்தியால வேகத்தையே போட்டிருப்பார்கள். அதில் படம் மங்கல். பதிந்த டெக்கைவிட வேறு டெக்கில் போட்டால் திரையின் அடியிலோ மேலேயோ ஒரு கோடு இரைச்சல் வரும். ‘ரிராக்கிங்’ பொத்தானைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினால் அது விலகும்.

போடுவதற்கு முன் முதுகுப்பக்க மூலையில் உள்ள சின்னப் பிளாஸ்டிக் நாக்கை உடைத்துவிடுங்கள். பிறகு தவறுதலாகப் பதியும் பொத்தானை அமத்தினாலும் அழியாது. வருடக்கணக்காகக் கிடந்த நாடாவை உடனே ஓட விடாமல், ஒருமுறை கடைசி வரை சுற்றி, திரும்ப முன்னுக்குச் சுற்றி எடுங்கள். ஒட்டிக் கிடக்கும் சுற்றுகள் தளரும்.

டெக் விஷயத்தில் இரண்டு வழி. ஒன்று, பல முறைகளையும் வாசிக்கும் டெக் தேடுவது. டெக்கின் முகத்தில் ‘என்.ரி.எஸ்.சி. பிளேபாக் ஒன் பால் ரீவி’ என்று எழுதியிருந்தால் ரீவியில் பார்க்கப் போதும். கணினிக்கு மாற்ற அது போதாது. அந்த டெக் தருவது இரண்டும் கலந்த ஒரு சமிக்ஞை. வீடியோவைக் கணினிக்குள் எடுக்கும் மலிவான யூஎஸ்பி கப்சர் கருவிகள் அதைக் கறுப்பு வெள்ளையாகவே பிடிக்கும், அல்லது பிடிக்கவே மாட்டாது. டெக்கின் தெரிவுகளுக்குள் ‘என்.ரி.எஸ்.சி. 3.58’ இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். ‘4.43’ வேண்டாம்.

மற்ற வழி, கனடாவிலிருந்தே டெக் வருவிப்பது. இதில்தான் அதிகம் பேர் டெக்கை எரிக்கிறார்கள். அது 120 வோல்ற்றுக்கான கருவி, நம் சுவரில் 230. நேரே செருகினால் உருகி போவதோடு நிற்காது, மின்வழங்கிப் பகுதியும் போகும். 100 வீ.ஏ. அளவுள்ள, செம்புச் சுருளோடு பாரமாக இருக்கும் இறக்கு ரான்ஸ்போமர் வாங்குங்கள். டெக் இழுப்பது சில பத்து வாற்றுகள்தான். தலைமுடி உலர்த்தும் கருவிக்காகப் பயணிகள் கொண்டுவரும் கையளவு மாற்றியைப் பாவிக்க வேண்டாம். அது அலையைக் கொத்தித் தருகிறது, இலத்திரனியல் கருவிக்கு ஆகாது. 60 ஹேட்ஸ், 50 ஹேட்ஸ் வித்தியாசத்தைப் பற்றிக் கவலை வேண்டாம், டெக்கின் மோட்டர் தன் சொந்தப் படிகத்தின் கணக்கில்தான் சுழலுகிறது.

கணினியில் பிடிக்கும்போது மென்பொருளில் என்.ரி.எஸ்.சி., 720க்கு 480, 29.97 என்று வையுங்கள். ‘பால்’ என்று விட்டால் படம் நடுங்கும். கோடுகளை இணைக்கும் ‘டீஇன்ரலேஸ்’ வேலையைப் பிடிக்கும்போதே செய்ய வேண்டாம், பிறகு செய்யலாம். ‘டீவீ’ (DV) என்ற கோப்பு வடிவில் ஒரு மணித்தியாலம் 13 ஜிகாபைற் அளவு. எம்பெக்-2 வடிவில் வினாடிக்கு 8 மெகாபிற் என்றால் 3.6 ஜிகாபைற். கலியாண வீடியோவுக்கு இரண்டாவது போதும்.

நேரம் போகப் போக வாயும் சத்தமும் பொருந்தாமல் விலகினால், நாடா தள்ளாடுகிறது, கருவி சில படங்களைத் தவறவிடுகிறது என்று அர்த்தம். பழைய டிவிடி றெக்கோடர் ஒன்று கிடைத்தால் டெக்குக்கும் கப்சர் கருவிக்கும் இடையில் அதைக் கொழுவிப் பாருங்கள். அதில் பதியத் தேவையில்லை, சமிக்ஞை ஊடே போனாலே பலவற்றில் தள்ளாட்டம் அடங்கும்.

கேள்வி: கசெற்றின் சின்னக் கண்ணாடிக்குள்ளால் பார்த்தால் நாடாவின்மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. வெயிலில் காயவிடலாமா?
– வாசகர், காரைநகர்

பதில்: வேண்டாம். அது பூஞ்சணம். கடலோர ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் கிடக்கும் கசெற்றில் வராவிட்டால்தான் அதிசயம். நல்ல நாடாச் சுருளை ரோச் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தால் கறுப்புக் கண்ணாடிபோல ஒரே மினுக்கம் தெரியும். பூஞ்சணம் பிடித்ததில் விளிம்போரம் சாம்பல் நிற வளையமோ பஞ்சு நூல்போன்ற இழையோ நிற்கும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நாடா நெளியும், நெளிந்ததைத் திருத்த வழியில்லை.

அதை டெக்கில் போடவே கூடாது. தூள் முழுவதும் நாடாவை வாசிக்கும் சுழலும் தலையில் ஒட்டும், படம் முழுக்க வெள்ளிப் பொட்டாகும். பின்னர் போடும் நல்ல கசெற்றுக்கும் தொற்றும். தனிப் பொலித்தீன் பையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கட்டி, நிழலில் சில வாரம் வையுங்கள். ஈரம் போனால் பூஞ்சணம் தூளாகும். பிறகு வீட்டுக்கு வெளியே, முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூடியைத் திறந்து, உலர்ந்த மென்துணி நாடாவின் இரு பக்கமும் தொட்டபடி இருக்க மெதுவாகச் சுற்றுங்கள். துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். எல்லாம் முடிந்தபின் போடுவதற்கும் கழித்துவிடக்கூடிய ஒரு பழைய டெக்கை ஒதுக்குங்கள்.

தலையைத் துடைக்க 99 வீத ஐசோபுரோப்பைல் அற்ககோல். பஞ்சுக் குச்சி பாவிக்காதீர்கள், ஒரு இழை மாட்டினாலே தலையின் நுனி உடையும். நூல் பிரியாத துணியை நனைத்து, தலை பொருத்தியிருக்கும் உருளையோடு அசையாமல் பிடித்து, உருளையை விரலால் சுழற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் தலை போயிற்று.

நாடா அறுந்திருந்தால் சாதாரண செலோரேப் ஒட்ட வேண்டாம். அதன் பசை கசிந்து தலையில் படியும். இதற்கென்று மெல்லிய ஒட்டுநாடா உண்டு, அதைத் தலையில் படாத முதுகுப் பக்கத்தில் மட்டும் ஒட்டுவது.

கேள்வி: ஒரு கசெற்றில் ‘1969’ என்று எழுதி, நாடகத்தின் பெயரும் போட்டிருக்கிறது. மூல ஒளிபரப்பாக இருக்குமா?
– வாசகி, கோப்பாய்

பதில்: இருக்காது. வி.எச்.எஸ். என்ற இந்த வகைக் கசெற் யப்பானில் வெளிவந்ததே 1976இல், வட அமெரிக்காவுக்குப் போனது 1977இல். அதில் உள்ளது மறு ஒளிபரப்பு அல்லது யாரோ எடுத்த கொப்பி. 1969 என்பது நாடகத்தின் ஆண்டு.

மூலத்தைப் பதிந்தது இரண்டு அங்குல அகல நாடாவில், வினாடிக்கு 15 அங்குலம். அரை மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 686 மீற்றர். 195 அத்தியாயத்துக்கும் புது நாடா போட்டால் 133 கிலோமீற்றருக்கு மேல் வரும், யாழ்ப்பாணத்திலிருந்து ஏ-9 வழியாக விரித்தால் வவுனியாவை நெருங்கிவிடும் நீளம். நாடாவின் விலை அப்போது அதிகம், அதனால் உலகமெங்கும் நிலையங்கள் ஓடி முடிந்தவற்றின்மேல் புதியதைப் பதிந்தன. ஐம்பதுகளின் நேரடி நாடகங்களில் மிஞ்சியவை, ஒரு திரைக்கு முன் படக்கமெராவை வைத்து எடுத்த ‘கினஸ்கோப்’ பிரதிகள்தான்.

கேள்வி: மகள் அடுத்த மாதம் ரொறன்ரோ போகிறாள். அங்கே இந்த நாடகத்தைப் பற்றி எங்கே விசாரிக்கலாம்?
– வாசகர், மானிப்பாய் (அதே பெரியப்பாவின் பெறாமகன்)

பதில்: போவதற்கு முன்பே இங்கிருந்து செய்யக்கூடியது ஒன்று. கிங்ஸ்ரன் நகரின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பிளேன் அலன் தொகுத்த சி.பி.சி. தொடர்களின் விவரக்கொத்து, 1952 முதல் 1982 வரைக்கும், அகரவரிசையில். பெயர், ஒளிபரப்பான காலம், நேரம், தயாரிப்பாளர் என்று இருக்கும். நாடகத்தின் பெயர் தெரியாவிட்டால் ஆண்டை வைத்துத் துழாவலாம். பெயரில் ‘பரடைஸ்’ என்று மட்டும் தேடினால் 2001இல் வந்த ‘பரடைஸ் ஃபோல்ஸ்’ என்ற வேறு தொடர் குறுக்கே வரும்.

அடுத்து ரொறன்ரோ பொது நூலகத்தின் அட்டை. அந்நகரில் வசிப்போருக்கு இலவசம், மகள் தங்கப்போகும் வீட்டாரிடம் நிச்சயம் இருக்கும். அந்த அட்டை எண்ணோடு ‘ரொறன்ரோ ஸ்ரார்’ பத்திரிகையின் பழைய பக்கங்களை வீட்டிலிருந்தே திறக்கலாம். நாடகத்தின் பெயரைத் தட்டினால் விளம்பரமும் வேறு விஷயமும் கொட்டும். 1969 ஒக்டோபர் 20 திங்களை நேரே திறந்து தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்ப்பது சுலபம். பெரியப்பா ஒட்டாவாவில் பார்த்தபடியால் அந்நகரப் பத்திரிகையின் மைக்ரோஃபிலிமையும் யோங் வீதியிலுள்ள உசாத்துணை நூலகத்தில் கேட்கட்டும். நேரம் நகருக்கு நகர் மாறும்.

படத்தையே பார்க்க வேண்டுமானால் ஒட்டாவாவில் உள்ள கனடா நூலகமும் ஆவணக் காப்பகமும். இணையப் பட்டியலில் தலைப்பை வைத்துத் தேடி, கிடைக்கும் அடையாள எண்ணைக் குறித்து, நேரே போகுமுன் எழுதிக் கேட்க வேண்டும். போன கையோடு பார்க்கும் வசதி இல்லை. பார்வைக்கான பிரதி இருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மூல நாடாவை வாசகர் கையில் தரமாட்டார்கள்.

இங்கே பலர் வழிதவறும் இடம் ஒன்று. ஒளிபரப்பியது சி.பி.சி., பதிவு செய்தது சி.ஜே.ஓ.எச். என்ற தனியார் நிலையம், அதுவும் போட்டி வலையமைப்பான சி.ரி.வி.யைச் சேர்ந்தது. சி.பி.சி.க்கு மட்டும் எழுதினால் “எங்களுடையது அல்ல” என்ற பதிலோடு விஷயம் முடிந்துவிடும். ரொறன்ரோவில் எம்.இஸட்.ரிவி என்ற தொலைக்காட்சி அருங்காட்சியகமும் உண்டு. போய்ப் பார்க்கலாம், வடிவான இடம். ஆனால் அங்கே சேர்த்திருப்பது பழைய ரீவிப் பெட்டிகள். நாடகம் தேடிப் போனால் ஏமாற்றம்தான்.

கேள்வி: கசெற்றில் உள்ள நாடகத்தை யூரியூபில் போடலாமா?
– வாசகர், நெல்லியடி

பதில்: உரிமை நிறுவனத்திடம் இருக்கும்; போட்டால் தூக்கிவிடுவார்கள், உங்கள் கணக்குக்கும் குற்றப்புள்ளி விழும். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, நாடகத்தின் பெயரும் நிலையமும் திகதியும் குறித்து ஆவணக் காப்பகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். இடையில் வரும் விளம்பரங்களை வெட்ட வேண்டாம். எந்த நிலையம், எந்த ஆண்டு மறு ஒளிபரப்பு என்பதை அவர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அந்த விளம்பரங்களை வைத்துத்தான்.